கெப்பின் முதுகில் ஒரு படுக்கை: நிலாவெளியில் கூரைக் கூடாரம்

கூரைக் கூடாரம் வாங்கப்போவதாகச் சொல்கிறவர்களிடம், முதலில் வாகனத்தின் கையேட்டைத் திறந்து கூரை எவ்வளவு சுமை தாங்கும் என்று பார்த்துவிட்டு வரச் சொல்வது என் வழக்கம். பெரும்பாலானோர் அந்தப் பக்கத்தை ஒருநாளும் புரட்டியிருக்க மாட்டார்கள். சுசுகி ஜிம்னியின் புதிய மாதிரிக்கு நிறுவனம் அனுமதிக்கும் கூரைச் சுமை 30 கிலோ. சந்தைக்கு வரும் இருவர் கூடாரம் ஒன்றின் எடை 50 முதல் 70 கிலோ. அதைத் தாங்கும் சட்டத்தின் எடை வேறு. படங்களில் எந்த வாகனத்தின் மேலும் அழகாக உட்கார்ந்திருக்கிற இந்தப் பொருளைக் கணக்குப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

இங்கே எழுதுவது நிலாவெளியில் பாவித்துப் பார்த்த ஒரு கூடாரத்தையும், அதற்காக வாகனத்தில் செய்த வேலைகளையும் பற்றி. திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றரில் நிலாவெளி. ஒரு பக்கம் கடல். மறுபக்கம் களப்பும் உப்பளமும் பனைகளும். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை வெயிலும் கச்சான் காற்றும். ஐப்பசி பிறந்தால் வாடைக்காற்றும் மழையும். வெளிநாட்டு விமர்சகர்கள் கூடாரங்களைப் பனிமலையிலும் பாலைவனத்திலும் வைத்துச் சோதிக்கிறார்கள். உப்புக் காற்று, ஈரம், நுளம்பு எல்லாம் ஒரே இரவில் வந்து சேரும் எங்கள் கரைக்கு அந்தச் சோதனைகள் பாதிதான் உதவும்.

கூடாரம் சீனத் தயாரிப்பு. மடித்து உறை போடும் துணிக்கூரை வகை. விரித்தால் உள்ளே 1.4 மீற்றர் அகலம், 2.4 மீற்றர் நீளம். இரண்டு பெரியவர்களும் ஒரு சிறு பிள்ளையும் கைகால் நீட்டிப் படுக்கலாம். துணி, பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்து நெய்தது; சதுர மீற்றருக்கு 280 கிராம். மேலே பி.வி.சி. உறை, இழுத்து நீட்டும் அலுமினிய ஏணி, 6 சென்ரிமீற்றர் தடிப்பில் பஞ்சு மெத்தை. மொத்தம் 58 கிலோ. வாகனம் பத்து வருடத்துக்கு மேல் ஓடிய டொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கெப். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. திறந்த பிறகும் வரியோடு சேர்ந்த விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே நிற்கிற வாகனத்தைத் திருத்தி எடுப்பதுதான் எங்களில் பலருக்கும் வழி.

வாகனத்தின் மேல் படுக்கும் யோசனை பழையது. 1958இலேயே இத்தாலியில் சிறிய கார்களுக்கென்று இத்தகைய கூடாரங்கள் விற்பனைக்கு வந்தன. கிழக்கு ஜேர்மனியில் டிரபான்ட் காரின் கூரைக்கென்றே ஒன்றைச் செய்தார்கள். தென்னாபிரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் அது பரவியதற்குக் காட்டு விலங்கும் பாம்பும் சேறும் காரணம். எங்களிடமும் பரண் இருக்கிறது. மூதூர், கந்தளாய்ப் பக்கத்து வயல்களில் யானைக்கும் பன்றிக்கும் காவல் இருப்பவர்கள் மரக்கொப்பிலும் கம்புகளிலும் பரண் கட்டி இரவெல்லாம் அதிலேயே இருப்பார்கள். பரணுக்கு அடியால் காற்றுப் போகும். நிலத்து ஈரம் ஏறாது. பூச்சி பொட்டுக் குறைவு. ஒரு கூரைக் கூடாரம் எங்கள் ஊருக்கு ஏற்றதா என்று பார்க்க என்னிடம் உள்ள அளவுகோல் அந்தப் பரண்தான்.

சுமைக் கணக்குக்கு வருகிறேன். ஓடும்போது கூரை தாங்கும் சுமை ஒன்று. நிற்கும்போது தாங்குவது இன்னொன்று. ஓடும்போது பிரேக் பிடித்தாலும் வளைவில் திரும்பினாலும் பள்ளத்தில் விழுந்தாலும் மேலே இருக்கும் ஒவ்வொரு கிலோவும் பல மடங்கு விசையோடு இழுக்கும். அதனால் கையேட்டில் இருக்கும் எண் சிறியது. நிற்கும்போது அந்த இழுவை இல்லை. கூரையின் தூண்கள் நேராகக் கீழே சுமையை இறக்கிவிடும். இரண்டு பெரியவர்களும் கூடாரமும் சட்டமும் சேர்ந்து 230 கிலோ வந்தாலும் நல்ல வாகனம் நின்ற நிலையில் தாங்கும். நிற்கும் சுமை ஓடும் சுமையின் மூன்று முதல் ஐந்து மடங்கு என்று விற்பவர்கள் சொல்வது ஒரு குத்துமதிப்பு. அதை நம்பி ஓடும் சுமையின் எண்ணை மீறக்கூடாது. கூரைச் சட்டத்துக்கும் தனியாக ஓர் எல்லை உண்டு. வாகனம், சட்டம் இரண்டிலும் எது சிறிய எண்ணோ அதுதான் உங்கள் எல்லை.

கெப் வைத்திருப்பவருக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. கூடாரத்தைக் கூரையில் ஏற்றவே தேவையில்லை. பின்பெட்டியின் மேல் ஒரு சட்டம் அடித்து அதில் இருத்தலாம். நான் செய்வித்தது அப்படித்தான். திருகோணமலை நகரத்து வெல்டிங் கடையில் பொக்ஸ் பார் வெட்டி, பெட்டியின் விளிம்பிலிருந்து அரை ஆள் உயரம்கூட இல்லாமல் சட்டம் அடித்தோம். மடித்த கூடாரத்தின் முதுகு முன்கூரையின் மட்டத்துக்கு வந்து நிற்கிறது. காற்றை முன்கூரை வாங்கிக்கொள்வதால் கூடாரத்தின் உறை படபடப்பதில்லை. எண்ணெய்ச் செலவிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எங்கள் வீதிகளில் காருக்கு 70 கிலோமீற்றர்தான் உச்ச வேகம் என்பதும் இதற்கு உதவி.

வித்தியாசம் தெரிகிற இடம் வளைவு. ஹபரணையைத் தாண்டிக் கந்தளாய் நோக்கி வரும் ஏ-6 வீதியில் மாலை மங்கும் நேரத்தில் கட்டாக்காலி மாடு குறுக்கே வந்து நிற்பது புதினமில்லை. யானையும் வரும். ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடித்துத் திருப்பவேண்டி வந்தால், தலையில் 90 கிலோ ஏற்றிய வாகனம் ஒரு கணம் பக்கவாட்டில் தூங்கிவிட்டுத்தான் நிமிரும். அதே 90 கிலோ பெட்டியின் மட்டத்துக்கு இறங்கினால் அந்த ஆட்டம் பெருமளவு குறைகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே கெப் வைத்திருக்கும் எவரும் கூடாரத்தை முன்கூரைக்கு ஏற்ற வேண்டாம் என்பேன்.

சட்டம் அடிப்பவரிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்லுங்கள்: நான்கு கால்களை நட்டு மேலே சதுரம் வைத்தால் போதாது, பக்கங்களில் குறுக்குச் சாய்வுக் கம்பி கட்டாயம் வேண்டும். குறுக்குக் கம்பி இல்லாத சட்டம் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும்; பக்கவாட்டு ஆட்டத்தைத் தாங்காது. கிரவல் பாதையில் கொஞ்சக் காலம் ஓடியதும் மூலையில் வெல்டிங் வெடிக்கும். கால் பதியும் இடத்தில் தடித்த றப்பர் துண்டு வைத்து, பெட்டியின் மெல்லிய தகட்டுக்கு அடியில் ஒரு பட்டை கொடுத்து இறுக்கவேண்டும். வெல்டிங் முடிந்ததும் கறுப்புப் பெயின்றை நேரே அடித்துத் தந்துவிடுவார்கள். சம்மதிக்காதீர்கள். கசடைத் தட்டி, தேய்த்து, அண்டிகொரோசிவ் இரண்டு கை அடித்த பிறகுதான் பெயின்ற். குழாயின் வாயைத் தகடு வைத்து அடைக்கவும் சொல்லுங்கள். உப்புக்காற்று முதலில் புகுவது குழாயின் உட்புறத்துக்குள். வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே துருப்பிடித்து முடிந்திருக்கும்.

இந்தச் சட்டத்தை வாகனத்தோடு வெல்டிங் செய்யவேண்டாம். கழற்றக்கூடியதாகப் போல்ட்டில் பூட்டுங்கள். வாகனத்தின் அமைப்பை நிரந்தரமாக மாற்றுவதென்றால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தைக் கேட்டுச் செய்யவேண்டும். 2025 ஜனவரியில் பொலிஸார் மேலதிக உதிரிகளைக் கழற்றச் சொல்லி வாகனங்களை மறித்தது பலருக்கும் நினைவிருக்கும். கண்ணைக் கூசவைக்கும் விளக்குப் பட்டைகள் எதுவும் என் வாகனத்தில் இல்லை. முகாம் போடுவதற்கு அவை தேவையும் இல்லை.

அடுத்தது கீழே. பெட்டியில் நிரந்தரமாகச் சுமை ஏறிவிட்டதால் பின் ஸ்பிரிங் தகடுகளைப் பாருங்கள். பழைய கெப்பில் அவை ஏற்கெனவே தட்டையாகியிருக்கும். ஒரு தகடு கூட்டி, சொக் அப்சோபரையும் மாற்றினால் வாகனம் பின்பக்கம் குந்தாமல் நேராக நிற்கும். குந்தி நின்றால் முகவிளக்கு மேலே தூக்கி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். கூடாரத்தின் தளமும் சரிந்து, இரவெல்லாம் ஒரு பக்கம் தாழ்ந்தே கிடக்கும்.

டயர் விஷயத்தில் செலவே இல்லாத ஒரு மாற்றம் இருக்கிறது. புல்மோட்டை வீதியிலிருந்து கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் பல, பனைக்கும் தென்னைக்கும் நடுவே போகும் வெறும் மணல். தார் வீதியில் 35 பி.எஸ்.ஐ. வைத்திருக்கும் டயரை 20க்கு இறக்கினால் அதன் தடம் நீளும். பாரம் பரந்து விழும். மணலை வெட்டாமல் மேலால் போகும். ஆக்சிலேற்றரை மெல்ல மிதித்து, நிறுத்தாமல், ஸ்டியரிங்கை ஒடிக்காமல் போகவேண்டும். திரும்பித் தாருக்கு ஏறுமுன் காற்றடித்தே ஆகவேண்டும். இறங்கின டயரோடு வேகமாக ஓடினால் டயர் சூடேறி வெடிக்கும். பற்றரியில் பூட்டும் சிறிய கொம்பிரசர், கூடாரத்துக்கு முன்னமே வாங்கவேண்டிய சாமான். மண்வெட்டியும் இரண்டு தடித்த பலகைகளும் கூடவே இருக்கட்டும். அந்தப் பலகையில் ஒன்று இரவில் ஏணிக்கு அடியில் போகும். மணலில் ஏணியின் கால் புதையப் புதைய, அதை நம்பி நிற்கும் பாதித் தளமும் மெல்லச் சரியும்.

கூடாரத்தை விரிப்பது சுலபம். உறையின் சிப்பை மூன்று பக்கமும் இழுத்து, பட்டிகளை அவிழ்த்து, ஏணியை நீட்டி, அதையே நெம்புகோலாகப் பிடித்து இழுத்தால் மடிந்திருந்த பாதித் தளம் திறந்து மறுபக்கம் விழும். சன்னல் கம்பிகளை மாட்டினால் வேலை முடிந்தது. தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதிக்குமுன் படுக்கை தயார். மடிப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். துணியை நான்கு பக்கமும் உள்ளே செருகவேண்டும். ஒரு மூலை வெளியே நின்றாலும் சிப் பூட்டாது. உயரம் குறைந்தவர் தனியாக இதைச் செய்ய முடியாது. உறை ஓரளவு பெரிதாகத் தைக்கப்பட்டிருக்கிறதா என்பதைக் கடையிலேயே விரித்து மடித்துப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். நான் பாவித்ததில் உறை இறுக்கம். உள்ளே பாயும் போர்வையும் வைத்து மடித்தால் சிப்பின் பற்கள் பிரிந்துகொள்கின்றன. இது இந்தக் கூடாரத்தின் முதலாவது குறை.

இரவுதான் உண்மையான சோதனை. பின்னேரம் கடலிலிருந்து வீசும் காற்று இருட்டியதும் ஓயும். பிறகு மேற்கிலிருந்து கச்சான் இறங்கும். வறண்ட, சூடான காற்று. கூடாரத்தின் வெளியே நீட்டும் பாதி மேற்குப் பக்கம் விழும்படி வாகனத்தை நிறுத்தினால் காற்று அதன் அடியில் புகுந்து தளத்தையே தூக்கித் தூக்கிப் போடும். நித்திரை வராது. வாகனம் மேற்கை மறைக்க, நீட்டும் பாதி கடற்பக்கம் விழவேண்டும். என் கூடாரம் இடப்பக்கம் திறப்பது. ஆகவே முகப்பு தெற்கைப் பார்க்க நிறுத்துகிறேன். வலப்பக்கம் மேற்கு, வாகனமே காற்றுக்குச் சுவர். இரண்டு பக்கத்துச் சன்னல்களையும் திறந்து நுளம்பு வலையை மட்டும் மூடினால் காற்று நெடுக ஊடறுத்துப் போகும். நிலத்தில் கூடாரம் அடித்திருந்தால் பகலெல்லாம் வெயில் குடித்த மணலின் சூடு நடுச்சாமம் வரை முதுகில் ஏறியிருக்கும். மேலே அந்தச் சூடு இல்லை. மணல் இல்லை, நண்டு இல்லை. பரணுக்குச் சமமாக இந்தக் கூடாரம் நிற்கிற இடம் இது.

பரணிடம் தோற்கிற இடமும் உண்டு. தளம், இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே நுரை வைத்த பலகை. அடியால் காற்று வராது. விடியப்புறம் காற்று விழுந்து ஈரம் இறங்கியதும், உடம்பின் வெப்பமும் வேர்வையும் மெத்தையின் அடிப்பக்கத்தில் போய் நீர்த்துளியாக நிற்கும். மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் தகடு நனைந்திருக்கும். அப்படியே மடித்துக் கட்டி ஒரு கிழமை விட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். இதைத் தடுக்க மெத்தைக்கு அடியில் விரிக்கும் பின்னல் விரிப்பைத் தனியாக விற்கிறார்கள். நான் போட்டிருப்பது பன்பாய். அடியில் ஒன்று, மெத்தையின் மேல் ஒன்று. அடியில் உள்ளது மெத்தையைத் தகட்டிலிருந்து கொஞ்சம் தூக்கி வைக்கிறது. மேலே உள்ளது முதுகு வேர்க்காமல் பார்க்கிறது. மெத்தையின் செயற்கைத் துணி உறையில் நேராகப் படுத்த இரவுக்கும் பன்பாய் போட்ட இரவுக்கும் நிறைய வித்தியாசம். பாய் உருட்டி வைக்கப் பெட்டியில் இடம் இருக்கிறது. உறைக்குள் திணிக்க வேண்டாம்.

மழையில் கூடாரம் பரவாயில்லை. பருத்தி கலந்த துணிக்கு ஒரு பழக்கம் இருக்கிறது: புதிதாக இருக்கும்போது தையல் ஓட்டைகளால் தண்ணீர் கசியும். வீட்டு முற்றத்தில் விரித்து வைத்து, நன்றாக நனைத்து, முழுதாகக் காயவிட்டு, திரும்ப நனைத்தால் நூல் ஊதி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். இதைச் செய்யாமல் நேரே மழைக்குக் கொண்டுபோய்விட்டுக் கூடாரம் ஒழுகுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. ஐப்பசிக்குப் பிறகு நிலாவெளியில் முகாம் போடுவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். 2020 டிசெம்பர் 2இல் புரெவிப் புயல் நிலாவெளிக்கு வடக்கே திரியாய்–குச்சவெளிப் பக்கமாகத்தான் கரையேறியது. காற்றழுத்தத் தாழ்வு என்று வானொலியில் கேட்டால் கூடாரத்தை வீட்டிலேயே வையுங்கள்.

இனி உப்பு. கூரைக் கூடாரத்தை இந்தக் கரையில் கொல்வது வெயிலோ மழையோ இல்லை, உப்பு. கூடாரத்தோடு வந்த போல்ட்டுகளின் தலையில் ‘ஏ2’ என்று பொறித்திருந்தது. துருப்பிடிக்காத உருக்குத்தான், ஆனால் கடற்கரைக்கு உரிய தரம் அது அன்று. சில கிழமைகளில் தேயிலைச் சாயம் போலச் செம்மஞ்சள் படர்ந்துவிட்டது. கடலுக்கு ஏற்றது ‘ஏ4’. அதை மீன்பிடிப் படகுகளுக்கு உதிரிப்பாகம் விற்கும் கடைகளில் கேட்டு வாங்கி எல்லாவற்றையும் மாற்றினேன். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. உருக்குப் போல்ட் அலுமினியத்தோடு நேரே முட்டி, நடுவில் உப்புத் தண்ணீரும் நின்றால், அரிபடுவது அலுமினியம். போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி தென்பட்டால் அதுதான் அடையாளம். நடுவில் நைலோன் வாசரும் கொஞ்சம் கிறீஸும் போதும்.

சிப்புக்கும் கவனிப்பு வேண்டும். மணலும் உப்பும் பற்களுக்கு நடுவே இறுகி, ஒருநாள் இழுக்கும்போது சிப்பின் ஓடி கழன்று கையோடு வரும். மடிக்குமுன் பழைய பெயின்ற் பிரஷ்ஷால் பற்களைத் தட்டித் துடைத்து, மெழுகுதிரியை ஒருதடவை தேய்த்துவிட்டால் ஓடி வழுக்கிக்கொண்டு போகும். எண்ணெய் பூசாதீர்கள். எண்ணெயில் மணல் ஒட்டும்.

கழுவுவதற்குத் தண்ணீர் வேண்டும். அதுவும் நல்ல தண்ணீர். கரையோரக் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் உவர். அதால் வாகனத்தைக் கழுவுவது உப்பின் மேல் உப்பைப் பூசுவது. வீட்டிலிருந்து 20 லீற்றர் கான் ஒன்றில் கொண்டுபோய், வயலுக்கு மருந்தடிக்கும் தோள் தெளிப்பானால் — மருந்து படாத புதியதால் — தெளித்தால் ஏணி, பூட்டு, போல்ட், சிப் எல்லாம் அரைக் கானில் கழுவுப்படும். வீட்டுக்கு வந்ததும் கூடாரத்தைத் திரும்ப விரித்து, காய்ந்த பிறகே மடித்துக் கட்டுங்கள். இதற்கு முற்றமும் வெயிலும் நேரமும் தேவை. மாடிக் குடியிருப்பில் இருப்பவர் வாங்குமுன் இதைத்தான் அதிகம் யோசிக்கவேண்டும்.

மின்சாரத்துக்குப் பலர் அளவுக்கு மீறிச் செலவழிக்கிறார்கள். 40 லீற்றர் கொம்பிரசர் குளிர்பெட்டி ஓடும்போது ஏறத்தாழ 45 வாட் இழுக்கும். நிலாவெளி மத்தியான வெக்கையில் அது ஓயாமல் ஓடும். இரவில் பாதி நேரம் ஓயும். ஒரு நாளைக்கு 600 வாட்-மணி என்று வையுங்கள். 100 அம்பியர்-மணி லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரியில் இருப்பது 1,280 வாட்-மணி. இரண்டு நாள் தாங்கும். அதே அளவு ஈயப் பற்றரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். 100 வாட் சோலார் பனல் நல்ல வெயிலில் நாளுக்கு 400 வாட்-மணி அளவில் தரும். ஆகவே குளிர்பெட்டி நிற்காமல் ஓடவேண்டுமானால் 200 வாட் வேண்டும். துணிக்கூரைக் கூடாரத்தின் மேல் பனல் பூட்ட முடியாது. கூடாரத்தைப் பெட்டிப் பக்கம் இறக்கியதால் முன்கூரை வெறுமையாகி, பனலுக்கு அங்கே இடம் கிடைத்தது. லிதியம் பற்றரியை டைனமோவோடு நேரே இணைக்காதீர்கள். அது மின்னைக் கட்டுமட்டின்றி இழுத்து டைனமோவைச் சூடாக்கும். நடுவில் டிசி–டிசி சார்ஜரும், பற்றரிக்கு அருகிலேயே பியூசும் இருக்கவேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் என் அபிப்பிராயம்: இரண்டு இரவுக்கு மேல் தங்காதவருக்குக் குளிர்பெட்டி வேண்டாம். மீன்காரர் வைத்திருக்கும் ரெஜிபோம் பெட்டியும் ஒரு கட்டி ஐஸும் போதும். விளக்குக்கும் சிறு காற்றாடிக்கும் கைபேசிக்கும் சிறிய பற்றரி தாராளம். விளக்கு மஞ்சளாக, மங்கலாக இருக்கட்டும். வெள்ளை வெளிச்சத்துக்குத்தான் பூச்சி அதிகம் வரும். சமையலுக்கு 2.3 கிலோ காஸ் சிலிண்டரும், கச்சான் அடுப்பை அணைக்காதபடி மூன்று பக்கம் மறைக்கும் தகரமும்.

எங்கே நிறுத்துவது என்பதும் வாகனத் தயாரிப்பில் ஒரு பகுதிதான். கடற்கரை மணலில் வாகனத்தை இறக்காதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பது அங்கே படரும் அடம்பன் கொடி. சில்லு ஏறி அது அறுந்தால் திட்டு கரையும். கரைவலை இழுக்கும் இடங்களில் கயிறு நீளத்துக்கும் ஆள் நடமாட்டம் இருக்கும். வெறுமையாகத் தெரிகிற கரை விடியும்போது வேலைத்தளம். ஒருமுறை பனைகளுக்கு நடுவே இடம் பார்த்துக்கொண்டு நின்றபோது சம்மாட்டி ஒருவர் வந்து, “தம்பி, விடியப்புறம் வலை வளைப்பம். கயிறு இதாலதான் வரும். வாகனத்தை அங்கால எடுங்கோ” என்றார். நிறுத்த நிழலான இடத்தையும் அவரே காட்டினார். காணிச் சொந்தக்காரரையும் வாடியில் இருப்பவர்களையும் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். கேட்டால் இடம் கிடைக்கும். காலையில் சூரையோ பாரையோ கறிக்கும் கிடைக்கும்.

எதிரே ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் தெரியும் புறாமலைத் தீவு 1963இல் சரணாலயமானது. 2003இல் தேசிய பூங்கா ஆனது. பகலில் படகில் போய்ப் பவளப்பாறைகளைப் பார்த்துவிட்டு வரலாம், தங்குவது கரையில்தான். கடற்கரையில் இரவு தங்குகிற எவரும், 2004 டிசெம்பர் 26இல் இதே கரையில் கடல் உள்ளே வந்ததை மனதில் வைத்திருக்கவேண்டும். உள்ளூருக்குப் போகும் பாதையைப் பகலிலேயே நடந்து பார்த்து வையுங்கள். எச்சரிக்கை வந்தால் கூடாரத்தை மடித்துக்கொண்டு நிற்க நேரம் இல்லை. விரித்த கூடாரத்தோடு வாகனத்தையும் ஓட்ட முடியாது. எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு நடவுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

விரித்த கூடாரத்தோடு ஓட முடியாது என்பது சாதாரண நாளிலும் தொந்தரவுதான். பால்மா முடிந்துபோனால் கடைக்குப் போவதற்கு முழுக் கூடாரத்தையும் மடிக்கவேண்டும். ஒரே இடத்தில் நாலைந்து நாள் தங்கி, அங்கிருந்து கன்னியா வெந்நீரூற்றுக்கும் கோணேஸ்வரத்துக்கும் போய்வர நினைப்பவருக்கு நிலத்தில் அடிக்கும் கூடாரமும் மடக்குக் கட்டிலும் நல்லது. முழங்கால் நோவுள்ள பெரியவர்களுக்கு ஏணி ஒத்துவராது. இரவில் இரண்டு மூன்று தரம் எழும்புகிறவர்களுக்கு அது ஆபத்து. சின்னப்பிள்ளைகளைக் கதவுப் பக்கம் படுக்கவிடாதீர்கள். காட்டோரத்தில் நிறுத்தும்போது, உயரத்தில் இருப்பதால் யானைக்குப் பயமில்லை என்று நினைக்கவும் வேண்டாம். அந்த உயரம் யானைக்குத் தலைமட்டம்.

பிரயாணத்தில் தினம் ஓர் இடமாக மாறிப்போகிறவருக்கு, அதாவது நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை, முல்லைத்தீவு என்று கரையோரமாக ஏறிப்போகிற சிறு குடும்பத்துக்கு, இது நல்ல பொருள். கூடாரத்துக்கு மட்டும் சில இலட்சம் ரூபாய் போகும். அந்தக் காசைக் கையில் எடுக்குமுன் டயர், ஸ்பிரிங், பிரேக், கொம்பிரசர், சட்டம் என்ற ஒழுங்கில் செலவழித்துவிட்டு, மிஞ்சினால் கூடாரம் வாங்குங்கள். வெப்பமான கரைக்குப் பருத்தி கலந்த துணிக்கூரையை வாங்குங்கள். கட்டிக்கூரை வகை திறக்க விரைவு, சோலார் பூட்டலாம், ஆனால் சன்னல் சிறியதாக இருந்தால் கச்சான் காலத்தில் புழுங்கும். நான் பாவித்த கூடாரத்துக்கு என் தீர்ப்பு: துணியும் காற்றோட்டமும் நல்லது, உறையும் போல்ட்டும் மாற்றவேண்டியவை, மெத்தை பன்பாய் இல்லாமல் உதவாது.

வாங்குமுன் எங்காவது வாடகைக்கு எடுத்து ஆடி மாதத்தில் நிலாவெளியில் ஓர் இரவு படுத்துப் பாருங்கள். நுவரெலியாக் குளிரில் படுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம்.